உன் தோளில் வைத்த கால்

மச்சான்,

இரண்டு கிழமைக்கு முன் அந்தக் கயிற்றை வெளியே எடுத்தேன். எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் எனக்கென்று விட்டிருக்கும் கம்பிக் கூட்டுக்குள், குளிர்கால டயர்களுக்கும் ஒருவரும் எறிய மனமில்லாத பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கும் பின்னால், ஒன்பது வருடமாக அது ஒரு நீலப் பைக்குள் கிடந்தது. வாயை அவிழ்த்ததும் சிவப்பு மணல் கொட்டியது. கூடவே ஒரு மணம். வெயிலே படாத தண்ணீரின் மணம், ஈரக் கல்லும் அழுகின இலையும் சேர்ந்தது. பக்கத்தில் நின்ற உன் மகள் ஆரணி குனிந்து மணலைத் தொட்டுப் பார்த்து, "இது அங்கத்தைய மண்ணோ மாமா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

ஆரணிக்கு இப்போது இருபது வயது. பல்கலைக்கழகத்தில் பாறை ஏறுகிற கூட்டம் ஒன்றோடு திரிகிறாள். வருகிற செப்டெம்பரில் மூன்று சிநேகிதிகளோடு, நாங்கள் இருவரும் இறங்கிய அதே பிளவுக்குள் இறங்கப்போகிறாளாம். கயிறு இரவல் கேட்கத்தான் வந்தாள். இத்தனை வருடம் கிடந்த கயிற்றில் ஒருவரும் தொங்கக்கூடாது, புதுசு வாங்கு என்றேன். அப்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னாள்.

"அம்மா விடமாட்டன் எண்டு நிக்கிறா மாமா. நீங்களும் வந்தா விடுவாவாம். அப்பாவைக் காப்பாத்தின ஆள் பக்கத்தில நிண்டா தனக்குப் பயமில்லையாம்."

முழங்கால் சரியில்லை, யோசித்து நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை. உனக்குத் தெரியும், எனக்கு ஏதாவது செய்ய மனமில்லாவிட்டால் முதலில் நோவது முழங்கால்தான்.

இங்கே மொன்ட்ரியாலில், பாண் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் ஒரே வெதுப்பி அடுப்புக்கு முன்னால் நின்றோம். நான் இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்தவன் நீ. உறைந்த ஏரியில் மீன் பிடிக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போய், காரின் முன் சில்லு பனிக்குள் புதைந்து, அதை அங்கேயே விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தோமே, அதற்குப் பிறகும் நீ திருந்தவில்லை. ஆரணியின் பதினோராவது பிறந்தநாளை அவள் ஆசைப்படி ஒரு ஏறுசுவர் மண்டபத்தில் வைத்தாய். பிள்ளைகள் கேக் தின்னப் போன நேரத்தில் வயிறு வைத்த இரண்டு ஆம்பிளைகள் சுவரில் தொங்கினோம். அடுத்த கிழமையே கயிற்று வகுப்பில் பெயரைப் பதிந்தாயிற்று.

பிறகு ஒருநாள் இடைவேளையில் என் போனில் ஒரு வீடியோவைக் காட்டினேன். அமெரிக்கப் பாலைவனத்தில், பாறை வெடித்த மாதிரி ஒரு ஒடுங்கிய வழி. மேலே இருந்து கயிற்றில் இறங்கவேண்டும், நடக்கவேண்டும், இடைக்கிடை தேங்கிக் கிடக்கிற தண்ணீரை நீந்திக் கடக்கவேண்டும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் கயிற்றை இழுத்து எடுத்துக்கொள்வதால் திரும்பி ஏற முடியாது. கீழ்வாசலால்தான் வெளியே வரலாம்.

"திரும்பி வரேலாத இடத்துக்கு விசரனோடா போவான்?" என்றாய். அரை மணித்தியாலம் கழித்துக் கை முழுக்க மாவோடு என் பக்கம் திரும்பி, "எப்ப?" என்று கேட்டாய்.

உன் மனைவிக்கு என்னைக் கண்ணில் காட்டக்கூடாது அந்த நாட்களில். நியாயம்தான். "பிள்ளை குட்டி இல்லாத ஆள் எங்கையும் போவார். உங்களுக்கு என்ன தலையெழுத்தோ?" என்று நான் இருக்கும்போதே கேட்டாள். நீந்தத் தெரியுமா என்றும் கேட்டாள். "யாழ்ப்பாணத்தில பிறந்தவனைப் பாத்துக் கேக்கிற கேள்வியே இது? கேணியில குதிச்சு வளந்தனாங்கள்" என்று நெஞ்சை நிமிர்த்தினாய். நானும் நம்பினேன். நீ கேணிப் படியில் கால் கழுவினதோடு சரி என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

பாலைவனத்துக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் இறங்கத் தொடங்கினோம். மேலே நெருப்பு வெயில். பாலைவனத்தில் என்ன குளிர், மெல்லிய ரப்பர் உடுப்பே போதும் என்று வாடகைக் கடையில் வைத்துத் தீர்மானித்தவன் நான். நீ தடித்ததைத்தான் தூக்கினாய். "விடு மச்சான், அவிஞ்சு செத்துப்போவாய்" என்று பறித்துத் திருப்பி வைத்தேன். முதல் இறக்கம் நன்றாகவே போனது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு வேட்டிக் கரை அளவுக்குத்தான் தெரிந்தது. முழங்கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டியது. கல்லெல்லாம் யாரோ கையால் தடவித் தடவி மெழுகின மாதிரி வழுவழு என்று இருந்தது.

கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கப் போனேன். நீ என் கையின்மேல் கையை வைத்தாய்.

"கொஞ்சம் பொறு."

"என்னடா?"

"ஒண்டுமில்லை." மேலே ஒருதரம் பார்த்தாய். "சரி, இழு."

நான் காரணம் கேட்கவில்லை. வீடியோவில் ஆட்கள் நிற்காமல் போனார்கள், நாமும் நிற்காமல் போகவேண்டும், அவ்வளவுதான் எனக்கு. கயிறு மேலே வளையத்தால் உருவிக்கொண்டு வந்து காலடியில் விழுந்தது.

அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் நடை. பிறகு அந்தத் தண்ணீர். இரண்டு பஸ்ஸை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிறுத்தின நீளம் இருக்கும். நடுவில் ஒரு வளைவு, அதனால் மறுகரை தெரியாது. கறுப்புத் தண்ணீர். கால் வைத்தேன், எலும்பில் பிடித்தது குளிர். சூரியனையே காணாத தண்ணீர் அப்படித்தான் இருக்கும் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை இருந்திருந்தால் தடித்த உடுப்பை உன் கையிலிருந்து பறித்திருக்க மாட்டேன். நான் முன்னால் நீந்தினேன், நீ பின்னால் வந்தாய். வளைவைக் கடக்கும்போது உன் மூச்சு மாறினது கேட்டது. இழுத்து இழுத்து, வெளியே விடாமல். அடுத்த நொடி உன் இரண்டு கையும் என் கழுத்தில் விழுந்தன.

இரண்டு பேரும் கீழே போனோம். மூக்கால் தண்ணீர் ஏறியது. மேலே வந்தேன், திரும்பவும் அமுக்கினாய். பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு விரல் வைக்கிற வெடிப்புக்கூட இல்லை. உடம்பைத் திருப்பிக் காலை மடக்கி உன் நெஞ்சில் உதைத்தேன், மச்சான். தெரியாமல் பட்டது இல்லை. குதிக்காலால், என் முழுப் பலத்தோடு. உன் பிடி விட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் நீந்தினேன். உன்னைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை. அதைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது.

கால் மணலில் பட்டது. நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று இருமினேன். பிறகுதான் திரும்பினேன். வளைவில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சத்தம் மட்டும் வந்தது. "அன், தெ. அன், தெ." பிரெஞ்சில் ஒன்று, இரண்டு. நீ மல்லாந்து கிடந்தபடி வந்தாய். முதுகுப் பை மிதந்து உன்னைத் தாங்கியது. முகம் வானத்தைப் பார்த்திருந்தது, உதடு நீலம், இரண்டு கையும் சின்னப் பிள்ளை தண்ணீர் அளைகிற மாதிரி அடித்தன. நான் கையை நீட்டவுமில்லை. நீயே வந்தாய், நீயே மணலில் கால் வைத்தாய்.

"எங்க பழகினனி?" என்று மட்டும்தான் கேட்கத் தெரிந்தது எனக்கு.

"மொன்ட்ரியால்-நோர் நீச்சல் குளத்தில. ஆறு கிழமை." பல் கிடுகிடுத்தது உனக்கு. "சின்னப் பிள்ளையளோட. மல்லாந்து நீந்த மட்டும்தான் வரும். பயம் வந்தா எண்ணச் சொல்லித் தந்தவ அங்க பழக்கின பெட்டை."

எனக்காகத்தானே போய்ப் பழகினாய். நாற்பத்தைந்து வயதில், காற்றடைத்த தோள்வளையம் போட்ட ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில்.

அத்தோடு முடியவில்லை. அந்தத் தொட்டியிலிருந்து வெளியேற ஆளுயரத்துக்கும் மேலான ஒரு சுவர் ஏறவேண்டும், பிடி கிடையாது. ஒருவர் நிற்க மற்றவர் அவர் தோளில் ஏறி மேலே போய்க் கயிறு விடுவதுதான் வழி. நீ நடுங்கி நடுங்கிச் சுவரோடு போய் நின்று குனிந்தாய்.

"நீ ஏறு. நான் முதல் போனா உன்னை இழுக்க எனக்குப் பலம் காணாது."

உதைத்த அதே காலை உன் தோளில் வைத்து ஏறினேன். கால் வழுக்கியபோது நீ கையால் என் குதிக்காலைப் பிடித்து அழுத்திக் கொடுத்தாய். நான் மேலே போய்ப் பாறையில் கயிற்றைக் கட்டி உன்னை இழுத்தேன். அங்கிருந்து நடந்து கீழ்வாசலால் வெளியே வந்தோம்.

காரில் சூட்டை முழுதாகப் போட்டுக்கொண்டு இருந்தோம். நீ மனைவிக்கு போன் எடுத்தாய். "ஒரு தண்ணிக்குள்ள மாட்டுப்பட்டிட்டன். அவன்தான் இழுத்துக் கரையேத்தினவன். அவன் இல்லாட்டி நான் இல்லை" என்றாய். வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னாய்: "நான் உள்ளதைச் சொன்னா அவள் உன்னை இனி வாசல் மிதிக்க விடாள். இப்ப ஒருநாளும் குறை சொல்லமாட்டாள். நீ வாயைத் திறக்காதை."

நான் திறக்கவில்லை. இழுத்தது உண்மைதானே, கயிற்றால் மேலே இழுத்தவன் நான்தானே என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன்.

நீ சொன்னபடியே நடந்தது. அதுவரை எனக்குத் தேத்தண்ணி வைக்கிற சத்தத்திலேயே வெறுப்பைக் காட்டுகிறவள், அன்றிலிருந்து "அண்ணை, அண்ணை" என்று உருகினாள். வெள்ளிக்கிழமைகளில் கூழ் காய்ச்சினால் பெரிய நண்டுக்கால் என் கோப்பையில். வீட்டுக்கு யார் வந்தாலும், "இவர்தான் எங்கட இவரைச் சாவில இருந்து இழுத்தெடுத்தவர்" என்று அறிமுகம். நீ பக்கத்தில் இருந்து தலையாட்டுவாய். வருடம் போகப் போக அந்தக் கதையில் தண்ணீர் ஆழமாகிக்கொண்டே போனது, நான் பெரியவனாகிக்கொண்டே போனேன். கேட்கிறவர்கள் மறுகரை எப்படித் தெரிந்தது என்று கேட்டால் பதில் சொல்லவும் தொடங்கிவிட்டேன். நான் மனதறிந்து பொய் சொன்னேன், அது எனக்கு ருசியாகவும் இருந்தது.

உன்னிடம் மட்டும் அதைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. மருத்துவமனையில், உன் கணையத்தில் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்ன கிழமை வந்தேன். மன்னிப்புக் கேட்டுவிடுவது என்றுதான் வில்லரேயில் இருக்கும் என் வீட்டிலிருந்து நடந்தே வந்தேன், சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டு. உன் மனைவி கோப்பி எடுக்க வெளியே போனாள். நீ கண்ணைத் திறந்து, "மச்சான், அந்தத் தண்ணி என்ன குளிர் என்ன" என்றாய்.

கதவைத் திறந்து விட்டாய் எனக்கு. நான், "ஓமடா, சரியான குளிர்" என்று சொல்லிப் போர்வையை இழுத்து உன் காலை மூடிவிட்டேன். பிறகு அவள் கோப்பியோடு வந்துவிட்டாள்.

உன் செத்தவீட்டில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி அவள் என் கையைப் பிடித்தாள். பேசினேன். அந்தக் கதையைத்தான் பேசினேன். பெட்டிக்குள் நீ கோட்டும் டையுமாகக் கிடந்தாய், ஆரணி முன்வரிசையில் அழுதாள், நான் உன்னைத் திரும்பவும் ஒருதரம் தண்ணீரிலிருந்து இழுத்தெடுத்தேன்.

இப்போது அந்தப் பிள்ளை வந்து, நீங்கள் வந்தால் அம்மாவுக்குப் பயமில்லை என்று நிற்கிறது. அதே தண்ணீர். இந்தமுறை அவளுடைய கை என் கழுத்தில் விழுந்தால் நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரியாது. தெரியாத ஒருவனை நம்பி உன் பிள்ளையை அனுப்பப்போகிறாள் உன் மனைவி.

ஆரணி கயிறு கேட்டு வந்ததற்கு மறுநாள் அவளைக் காரில் ஏற்றி உங்கள் வீட்டடியில் கொண்டுவந்து நிறுத்தினேன். மழை பெய்துகொண்டிருந்தது. அவள் இறங்கக் கதவில் கையை வைக்கும்போது, "நான் உன்ர அப்பாவைக் காப்பாத்தேல்லை. உதைச்சனான்" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். உடுப்பிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் கேட்டாள்:

"அப்ப அப்பா எப்பிடி வந்தவர்?"

"நீந்தி."

"தனியவோ?"

"தனிய. மல்லாந்து. அன், தெ எண்டு எண்ணிக்கொண்டு."

கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். உதைத்ததற்கு ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவள் வேறு ஒன்றைச் சொன்னாள்.

"எனக்குப் பதினாறு வயசில பள்ளிக்கூடத்தால வள்ளம் வலிக்கிற முகாமுக்குப் போகக் கேட்டனான். தண்ணி ஆழம், போகவேண்டாம் எண்டவர். நான் சொன்னனான், தன்னைத் தானே காப்பாத்தத் தெரியாத ஆள் எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம் எண்டு. பிரெஞ்சில. ஆனா அப்பாவுக்கு விளங்கினது."

"என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. அனுமதிப் பத்திரத்தை வாங்கிக் கையொப்பம் வைச்சுத் தந்தவர்." என்னை நேராகப் பார்த்தாள். "நீங்களும் இருந்தனீங்கள் மாமா. மேசையில."

ஓம், இருந்தேன். இவ்வளவு நேரமும் இதை எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை, என் முன்னால் கூழ்க் கோப்பை. பிரெஞ்சு எனக்கும் விளங்கும். நீ பேனாவைத் தேடினாய், மேசையில் காணவில்லை, என் சட்டைப்பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். நீ என்னைப் பார்த்தாய், ஒரு நொடிதான். கையொப்பம் வைத்துவிட்டுப் பேனாவைத் திருப்பித் தந்தாய். நான் தொடர்ந்து கூழைக் குடித்தேன்.

"அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு ஆரணி இறங்கிப் போனாள். அந்த வெளிப்படிக்கட்டில் அவளுக்குப் பின்னால் ஏறினேன். உன் மனைவி துவாயோடு வந்து, "நனைஞ்சுபோனியள் அண்ணை" என்றாள். துவாயைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடித்தேன். அவள் உதையைப் பற்றிக் கேட்கவில்லை.

"நீச்சல் எப்ப பழகினவர்?"

"சனிக்கிழமையளில. ஆறு கிழமை."

"ஓவர்டைம் எண்டெல்லோ சொன்னவர்." ஒருதரம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே உடைந்து அழுகையாகப் போயிற்று. ஆரணி போய் அவளைக் கட்டிப்பிடித்தாள். நான் துவாயை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போங்கோ என்று ஒருவரும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து நேற்று ஆரணி போன் எடுத்தாள். போகத்தான் போகிறாளாம். தடித்த ரப்பர் உடுப்பு வாங்கியாயிற்று, ஒரு வழிகாட்டியையும் பிடித்தாயிற்று. "நீங்கள் என்னைப் பாத்துக்கொள்ள வரவேண்டாம். அப்பா நீந்தின இடத்தைக் காட்டுறதுக்கு வாங்கோ" என்றாள். வருகிறேன் என்றேன். போய்க் காட்டுவேன், உதைத்த இடத்தையும் சேர்த்து.

ஆனால் அது உனக்கு என்ன பிரயோசனம்? அந்த வெள்ளிக்கிழமை கோப்பையைக் கீழே வைத்து, "பிள்ளை, உன்ர அப்பா தானே நீந்தி வந்தவர், என்னையும் தோளில ஏத்தி விட்டவர்" என்று சொல்லியிருந்தால் போதும். பத்துச் செக்கன் எடுக்காது. ஆரணி உன்னை நிமிர்ந்து பார்த்திருப்பாள். நீ அந்தப் பார்வையைக் கண்டிருப்பாய். இப்போது அவள் அப்படித்தான் உன்னைப் பற்றிக் கதைக்கிறாள், வாய் ஓயாமல், கேட்க நீதான் இல்லை. உன்னை உதைத்ததற்கு, பயம் என்று ஒரு காரணமாவது சொல்லிக்கொள்வேன், மச்சான். பேனாவை எடுத்துத் தந்ததற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை.